மூன்று கிரேனுக்கு எவ்வளவு உதிரிபாகம்?

சேலம் ஓமலூர் சாலையில் உள்ள ஒரு ஃபேப்ரிகேஷன் தொழிற்சாலையின் பராமரிப்புப் பொறுப்பாளர் கேட்டிருக்கிறார்: "எங்களிடம் 10 டன் ஈ.ஓ.டி. கிரேன் (மேலே தண்டவாளத்தில் ஓடும் மின் கிரேன்) இரண்டும் 5 டன் கிரேன் ஒன்றும் இருக்கின்றன. மூன்றும் மூன்று கம்பெனித் தயாரிப்பு. கிரேனுக்கென்றே ஸ்டோரில் நான்கு லட்ச ரூபாய்க்குச் சாமான் கிடக்கிறது. அப்படியும் போன மாதம் ஒரு கிரேன் நான்கு நாள் நின்றுவிட்டது. இவ்வளவு பணத்தை முடக்கியும் ஏன் நின்றது என்று முதலாளி கேட்கிறார். புதிதாக வந்த கிரேனுடன் இரண்டு வருட உதிரிபாகப் பட்டியல் ஒன்றும் வந்திருக்கிறது. அதை அப்படியே வாங்கிவிடலாமா? எதை, எத்தனை வைத்திருக்க வேண்டும்?"

தம்பி, முதலாளி மீது கோபப்படாதீர்கள். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான்கு லட்சம் இருந்தும் கிரேன் நின்றது என்றால் ஸ்டோரில் பணம் இருந்திருக்கிறது, பாகம் இல்லை. இந்த வட்டாரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிரேன் பராமரிப்பு பார்த்தவன் நான். எனக்கும் இதே கதை நடந்திருக்கிறது.

அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் இரவு ஷிஃப்ட், மணி இரண்டு இருக்கும். 8 டன் தகட்டுச் சுருள் மூன்று ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஹாய்ஸ்ட், அதாவது சுமையைத் தூக்கி இறக்கும் பகுதி, நின்றுவிட்டது. மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காந்த ஸ்விட்ச்தான் கான்டாக்டர்; இறக்கும் திசைக் கான்டாக்டரின் காயில் (காந்தச் சுருள்) கருகியிருந்தது. பிரேக் பிடித்திருந்ததால் சுமை அசையவில்லை, அதுவரை நல்லது. ஸ்டோர் புத்தகத்தில் "கான்டாக்டர் காயில் - 1" என்று அழகான கையெழுத்தில் இருந்தது. பெட்டியைப் பிரித்தோம், பொருத்தினோம், பொத்தானை அழுத்தினோம். கான்டாக்டர் வண்டு மாதிரி ரீங்காரமிட்டதே தவிர உள்ளே இழுக்கவில்லை. காயிலைக் கழற்றி டார்ச் அடித்துத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் சின்ன எழுத்தில் 240 வோல்ட் என்று இருக்கிறது. எங்கள் கன்ட்ரோல் சர்க்யூட் 110 வோல்ட். மூன்று வருடத்துக்கு முன்பு யாரோ அளவும் வடிவமும் பார்த்து வாங்கி வைத்திருக்கிறார். பக்கத்துக் கூடத்துக் கிரேனில் இருந்து ஒன்றைக் கழற்றலாம் என்றால் அது வேறு கம்பெனிக் கான்டாக்டர்.

கான்டாக்டரை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திச் சுமையை இறக்கிவிடலாம் என்றார் ஒரு ஃபிட்டர். லிமிட் ஸ்விட்ச், இன்டர்லாக் என்கிற பாதுகாப்புத் தடுப்புகளைத் தாண்டிக் கிரேனை ஓட்டுகிற வேலை அது, நான் ஒப்புக்கொள்ளவில்லை. கீழே கயிறு கட்டி ஆளை விலக்கிவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். கோயம்புத்தூரில் கடை திறந்து, பஸ்ஸில் பார்சல் ஏறி, சுமார் 160 கிலோமீட்டர் கடந்து வந்து சேர நண்பகல் ஆகிவிட்டது. அந்தக் காயிலின் விலை அன்று இரவு நாங்கள் குடித்த டீக்கு ஆன செலவைவிடப் பெரிதாக இல்லை.

ஆகவே எத்தனை வைக்க வேண்டும் என்று கேட்பதற்கு முன் ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று விஷயம் பாருங்கள். அது போனால் கிரேன் நிற்குமா? வாங்கி வர எத்தனை நாள் ஆகும்? ராக்கில் வைத்திருந்தால் கெட்டுப்போகுமா? விலை நான்காவதாகத்தான் வர வேண்டும். நம் ஸ்டோர்களில் பெரும்பாலும் விலைதான் முதலில் வருகிறது. விலை அதிகமானதைப் பூட்டி வைக்கிறார்கள்; இருநூறு ரூபாய்ச் சாமானை "எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். கிரேனை நிறுத்துவது பெரும்பாலும் அந்த இருநூறு ரூபாய்ச் சாமான்தான்.

கம்பெனிப் பட்டியலை அப்படியே வாங்காதீர்கள். அது பொய்ப் பட்டியல் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் கிரேன் ஒரு நாளைக்கு எத்தனை முறை தூக்குகிறது, எவ்வளவு தூக்குகிறது என்று அதை எழுதியவருக்குத் தெரியாது. எவ்வளவு கடுமையாக உழைக்கிறது என்பதைப் பொறுத்துக் கிரேன்களுக்கு எம்1 முதல் எம்8 வரை பணி வகுப்பு உண்டு. சேலம் உருக்காலையில் 2010-இல் உருக்கு உருக்கும் பிரிவு வந்தது. அது போன்ற இடத்தில் கொதிக்கும் இரும்பைச் சுமக்கும் லேடில் கிரேனுக்கு ஒரு கணக்கு; நாளைக்கு இருபது தடவை தகடு தூக்கிப் போடும் உங்கள் கிரேனுக்கு வேறு கணக்கு. பெரிய ஆலையில் வேலை பார்த்துவிட்டுச் சின்னத் தொழிற்சாலைக்கு வருகிற எங்களைப் போன்றவர்கள் செய்யும் தவறும் இதுதான், அங்கே பார்த்த ராக்கை இங்கே கட்டப் பார்ப்போம். பட்டியலை எடுத்து, உங்கள் பிரேக்டவுன் நோட்டைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வாருங்கள். பிரேக்டவுன் நோட்டே இல்லை என்றால் கிரேன் ஓட்டுபவரைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். எந்தப் பாகம் எத்தனை தடவை மாறியது என்று அவர் மாதத்தோடு சொல்வார்.

இனி பாகங்களுக்கு வருகிறேன்.

மின் பக்கம் சுலபம். ஒவ்வொரு கிரேனிலும் இருக்கும் கான்டாக்டர் அளவுக்கு ஒரு முழுக் கான்டாக்டர், ஹாய்ஸ்ட் கான்டாக்டருக்கு ஒரு கான்டாக்ட் கிட் (தேயும் தொடுமுனைகளின் செட்), ஒரு காயில், கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, ஃபியூஸ்கள், பெண்டன்ட், அதாவது கீழே தொங்கும் பொத்தான் பெட்டிக்கு, பொத்தான் எலிமென்ட் நாலைந்து. பெண்டன்ட் கேபிளை உள்ளிருக்கும் தாங்கு கம்பியோடு முழு நீளத்துக்கு ஒன்று வாங்குங்கள். அந்தக் கம்பி அறுந்தால் பெண்டன்டின் எடை முழுவதும் செம்பு ஒயரில் விழும்; அப்புறம் ஒவ்வொரு பொத்தானாக வேலை செய்யாது, எலெக்ட்ரீஷியன் பேனலில் கோளாறு தேடிக்கொண்டிருப்பார். மேலே ஓடும் பஸ்பாரில் மின்சாரம் எடுக்கும் கலெக்டர் ஷூ ஒரு முழுச் செட் இருக்கட்டும். கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கம் என்றால் இரண்டு செட். மேக்னசைட் மண்ணின் வெள்ளைத் தூசி அங்கே எல்லாவற்றின் மீதும் படிகிறது; கலெக்டர் பொறி விட ஆரம்பித்தால் ஷூ சீக்கிரம் தின்றுபோகும்.

லிமிட் ஸ்விட்ச், குறிப்பாக ஹூக் மேலே போய், ரோப் சுற்றும் டிரம்மில் முட்டாமல் தடுக்கும் மேல் லிமிட், கண்டிப்பாக இரண்டு வேண்டும். இது மட்டும் கிரேனை நிறுத்தாத பாகம், ஆபத்தே அதில்தான். கெட்டுப்போனால் ஒரு துண்டு ஒயரை வைத்து இணைத்துவிட்டு உற்பத்தியை ஓட்டுவார்கள். "பாகம் வரட்டும், மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். பாகம் வரும், ஒயர் அப்படியே இருக்கும். ராக்கில் ஸ்விட்ச் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பிரேக் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உங்கள் ஹாய்ஸ்டில் இருப்பது டி.சி. பிரேக் என்றால், காயிலோடு சேர்த்து, ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையரும் வாங்கி வையுங்கள். பிரேக் திறக்கவில்லை என்றவுடன் காயில் போய்விட்டது என்று முடிவு கட்டுவது பழக்கமாகிவிட்டது. பல நேரம் போயிருப்பது தீப்பெட்டி அளவு ரெக்டிஃபையர்தான். எண்ணெய் அழுத்தத்தால் திறக்கும் திரஸ்டர் பிரேக் என்றால் முழு திரஸ்டர் ஒன்று இருப்பது நல்லது, ஆனால் அதன் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொண்டாலே அது பல வருடம் உழைக்கும். பிரேக் லைனிங் எப்போதும் ஒரு ஜோடி, ரிவெட்டோடு சேர்த்து. பழைய ஸ்டோர்களில் ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் இன்னும் கிடக்கலாம். அதை எடுத்து அரத்தால் ராவிப் பொருத்தும் வேலை வேண்டாம், தூசி நுரையீரலுக்குப் போகும்.

இதோடு ஒரு விஷயம். ஆயுத பூஜையன்று கிரேனுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது நம் வழக்கம், நானும் வைத்திருக்கிறேன். பேனல் கதவில் வையுங்கள், ஹூக் பிளாக்கில் வையுங்கள். பிரேக் டிரம்மில் மட்டும் வேண்டாம். எண்ணெய்க் கையோடு டிரம்மைத் தொட்டுப் பொட்டு வைத்துவிட்டு, விடுமுறை முடிந்து வந்து, பிரேக் ஏன் வழுக்குகிறது என்று லைனிங்கை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

வயர் ரோப்பில் இரண்டு கேள்வி வரும்: ஸ்டாக்கில் வைக்கலாமா, எப்போது மாற்றுவது? முதலாவதற்கு ஆம், ஒவ்வோர் அளவுக்கும் ஒன்று. உங்கள் இரண்டு 10 டன் கிரேனும் ஒரே ரோப்பை எடுக்குமானால் ஒன்றே போதும். ஆனால் விட்டம் மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது. அமைப்பு, நடுவில் இருப்பது நாரா எஃகா, கம்பியின் வலு, முறுக்குத் திசை, நீளம், இத்தனையும் பழைய ரோப்பின் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும். நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஹூக் அடிமட்டத்துக்கு இறங்கிய நிலையிலும் டிரம்மில் குறைந்தது 2 சுற்று மிச்சம் இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு விடை ரோப்பைப் போட்ட அன்றே தொடங்குகிறது. 16 மில்லிமீட்டர் என்று வாங்கிய ரோப்பை வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். தாடைகள் எதிரெதிர் இழைகளின் முகட்டில் உட்கார வேண்டும். பள்ளத்தில் வைத்தால் அளவு தப்பு. புது ரோப் 16.4 கூடக் காட்டலாம். அந்த எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். உடைந்த கம்பிகளின் எண்ணிக்கை, துரு, நசுங்கல் எல்லாம் தனித்தனிக் காரணங்கள். அவற்றோடு விட்டம் சீராகத் தேய்ந்தாலும் ரோப்பைக் கழிக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 4309 தரத்தின்படி எஃகு நடுவுள்ள ஆறு இழை ரோப்புக்கு அந்தத் தேய்மான எல்லை 7.5 சதவீதம், நார் நடுவுக்கு 10 சதவீதம். 16 மில்லிமீட்டரில் 7.5 சதவீதம் என்றால் 1.2. அப்படியென்றால் 16.4-இல் தொடங்கிய ரோப் 15.2-ஐத் தொட்டதும் இறங்க வேண்டும். தொடக்க அளவை எழுதவில்லை என்றால் 14.8 வரை ஓட்டிவிட்டு "இன்னும் இருக்கிறது" என்பீர்கள். மாதம் ஒரு தடவை அளந்தால் 15.6 வந்ததுமே அடுத்த ரோப்புக்கு ஆர்டர் போடலாம், ராக்கில் இருப்பது அவசரத்துக்கு அப்படியே இருக்கும். ரோப்பைத் தரையில் போடாதீர்கள், மரக்கட்டை மேல் வையுங்கள். கூடவே கரையானையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் மண்ணில் மர ரீலை ஒரு மழைக்காலத்தில் தின்று தீர்க்கும்.

ரோப்பை டிரம்மின் காடியில் ஒழுங்காகச் சுற்றவைக்கும் ரோப் கைடு ஒன்று இருக்கட்டும். சாய்வாக இழுத்துத் தூக்கும் பழக்கம் உள்ள தொழிற்சாலையில் அதுதான் அடிக்கடி உடையும். ஹூக்கை வாங்கி வைக்க வேண்டாம். அதன் சேஃப்டி லாட்சையும் ஸ்பிரிங்கையும் வாங்கி வையுங்கள். ஹூக் விரிந்தாலோ விரிசல் விட்டாலோ வெல்டிங் வைக்கச் சொல்லும் ஆளைக் கிரேன் பக்கமே விடாதீர்கள்.

பேரிங் விஷயத்தில் உங்கள் ராக்கில் தேவைக்கு மேல் இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். பொதுவான எண்கள் சேலத்திலேயே கிடைக்கும். 6308 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கி 40 மில்லிமீட்டர் உள்விட்டம் என்று கடைப் பையனே சொல்லிவிடுவான். சக்கரத்துக்குள் இருக்கும் 22220 மாதிரியான பெரிய ரோலர் பேரிங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு சக்கரத்துக்கு வேண்டியதை. நம்பகமான இடத்தில் பில்லோடு வாங்குங்கள், போலி நிறைய நடமாடுகிறது. வாங்கியதைப் பிரித்துப் பார்த்து ரசிக்காதீர்கள். உறையோடு படுக்கவைத்து, பவர் பிரஸ் அதிர்வு எட்டாத ராக்கில் வையுங்கள். அதிர்வில் உருளைகள் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டே இருந்தால், பொருத்துவதற்கு முன்பே ஓடுபாதையில் தடம் விழுந்துவிடும்.

சக்கரம் வேறு விஷயம். ஃபோர்ஜிங் சக்கரம் செய்து, கடைந்து, கடினப்படுத்தி வர வாரக்கணக்கில் ஆகும். ஓட்டும் சக்கரத்தை ஒன்றாக மாற்றக் கூடாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிய சக்கரம், மறுபக்கம் தேய்ந்த சக்கரம் என்றால் விட்டம் வேறுபட்டுக் கிரேன் கோணலாக ஓடும். சக்கரத்தின் ஃபிளேஞ்ச் (ஓர விளிம்பு) தண்டவாளத்தைச் சுரண்டிக் கிறீச்சிடும். ஆகவே 10 டன் கிரேனுக்கு ஒரு ஜோடி, நடுத்துளையை முழு அளவுக்குக் கடையாமல் குறைவாக விட்டு வாங்கி வையுங்கள். ஆக்சில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கழற்றிய பிறகுதான் தெரியும். அந்த அளவுக்கு ஏற்ப உள்ளூர் லேத் பட்டறையில் ஒரே நாளில் கடைந்து தந்துவிடுவார்கள்.

கியர்களை வாங்கி வைக்க வேண்டாம், வரைபடத்தைத் தயாராக வைத்திருங்கள். கம்பெனி பெரும்பாலும் தராது. எண்ணெய் மாற்றக் கியர் பாக்ஸைத் திறக்கும் நாளில் நீங்களே பல் எண்ணிக்கை, மாட்யூல் (பல்லின் பருமன் அளவு), சாய்வுக் கோணம், கீவே (சாவிக் காடி) அளவு எல்லாம் எடுத்து வைத்துவிடுங்கள். உடைந்த பினியன் (சிறு கியர்) துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சாய்வுக் கோணத்தைக் கண்டுபிடிப்பது பெரும் பாடு.

இனி முதலாளி கேட்டதற்கு வருகிறேன். ராக்கில் இருப்பதில் பாதி செத்துப்போயிருக்க வாய்ப்பிருக்கிறது. ஆயில் சீலும் கப்ளிங் ரப்பர் புஷ்ஷும் வெயிலிலும் வெப்பத்திலும் விறைத்துப்போகும். ஷீட் கூரைக்குக் கீழே ராக்கின் மேல் தட்டு எப்படிக் கொதிக்கும் என்று சித்திரை மாதம் கை வைத்துப் பாருங்கள். ரப்பரைக் கீழ்த் தட்டுக்கு இறக்குங்கள். ஸ்பேர் மோட்டார் இருந்தால் மாதம் ஒரு தடவை ஷாஃப்டைக் கையால் சுற்றி வேறு கோணத்தில் நிறுத்துங்கள், பொருத்தும் முன் மெக்கர் போட்டு இன்சுலேஷனைச் சோதியுங்கள். ஸ்பேர் டிரைவ், அதாவது மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி., இன்னும் மோசம். அதன் கெப்பாசிட்டர்கள் மின்சாரம் பார்க்காமல் வருடக்கணக்கில் கிடந்தால் வலுவிழந்துவிடும். திடீரென்று முழு மின்னழுத்தம் கொடுத்தால் வெடிக்கவும் செய்யும். வருடத்துக்கு ஒரு தடவையாவது கையேடு சொல்லும் முறையில் மின்சாரம் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவின் பாராமீட்டர்களை இன்றே தாளில் எழுதி டிரைவ் பெட்டிக்குள் போடுங்கள். அது இல்லாத ஸ்பேர் டிரைவ் வெறும் பெட்டி.

ஆகவே ஒரு நாள் ராக்கைக் காலி செய்யுங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, எந்தக் கிரேனில் எங்கே பொருந்தும் என்று சொல்ல முடியாததைத் தனியாக வையுங்கள். விற்றுவிட்ட பழைய கிரேனின் சாமான் கட்டாயம் இருக்கும். மிச்சத்துக்கு ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை கட்டுங்கள்: கிரேன் எண், பொருந்தும் இடம், வோல்ட், வாங்கிய தேதி, பொருத்திச் சோதித்தவர் பெயர். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். புதுக் காயில் வந்தால் கிரேனில் போட்டு ஒரு தடவை இயக்கிப் பார்த்துவிட்டுத்தான் ராக்குக்குப் போக வேண்டும்.

எண்ணிக்கைக்கு எளிய கணக்கு போதும். கான்டாக்ட் கிட் வருடத்துக்கு 4 செலவாகிறது, வர 3 மாதம் ஆகிறது என்றால், வரும்வரை ஒன்று தேவைப்படும். ஒன்று கூடுதலாக இருக்கட்டும், இரண்டு ஆனதும் ஆர்டர் போடுங்கள். ஐந்து வருடத்தில் ஒரு முறை போகும் பாகத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே கிரேன் ஒரு நாள் நின்றால் என்ன நஷ்டம் என்று முதலாளியையே சொல்லச் சொல்லி, வர ஆகும் நாட்களால் பெருக்கிக் காட்டுங்கள். அதற்குப் பிறகு சக்கர ஜோடிக்கு அவரே கையெழுத்துப் போடுவார். பக்கத்துத் தொழிற்சாலையில் அதே கம்பெனிக் கிரேன் இருந்தால் டிரைவ், திரஸ்டர் மாதிரி விலை கூடியதைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாள்காட்டியையும் பாருங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லேத் பட்டறை ஆட்கள் ஊருக்குப் போனால் திரும்பி வர ஒரு வாரம் ஆகிவிடும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் சேலத்தில் யாரைப் பிடிப்பீர்கள்? இந்த மூன்றுக்கும் மூன்று வாரம் முன்பே ராக்கை ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். தூக்கும் இயந்திரங்களைத் தகுதியுள்ள நபர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆவது பிரிவு வகுத்தது. அவர் தரும் சோதனை அறிக்கையைக் கோப்பில் போட்டு மூடிவிடுகிறோம். அவர் எழுதிய ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் அடுத்து வாங்க வேண்டிய பாகத்தை எழுதினால், கம்பெனி கொடுத்ததைவிட நல்ல பட்டியல் அதுவே.

அடுத்த கிரேன் வாங்கும்போது, உங்களிடம் இருக்கும் கான்டாக்டர், டிரைவ், லிமிட் ஸ்விட்ச் கம்பெனிகளையே போட்டுத் தரச் சொல்லி ஆர்டரிலேயே எழுதுங்கள். மூன்று கிரேனுக்கு மூன்று ராக் வைக்கும் நிலை அப்படித்தான் குறையும்.

இன்னொன்று, கழற்றிய பழைய ரோப். அதை முழுதாக ஸ்டோர் மூலையில் சுருட்டி வைக்காதீர்கள். "நல்லாத்தானே இருக்கிறது" என்று யாராவது எடுத்து ஸ்லிங் கட்டிவிடுவார்கள். கழற்றிய அன்றே கேஸ் கட்டரால் ஒரு மீட்டர், ஒரு மீட்டராக வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுங்கள்.